வண்டிக்காரர் எழுதிய குறைகள்

உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றத் தோதாக ஒரு பெரிய வண்டி வாங்கி வருகிறேன் என்று சந்தைக்குப் போன மனுஷன் கைரொல்லா. அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது அல்மாட்டி நகரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடி முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது, தரையோடு தரையாகத் தாழ்ந்த, பின்னால் சிறகு வைத்த ஒரு நீல செடான். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம்; அந்த ஊர் வண்டிகளுக்கெல்லாம் இடப்பக்கம். நாலு சக்கரமும் இழுக்கும். கியரைக் கையால் போட வேண்டும்.

"மூட்டைய எங்க வைக்கிறதாம்?" என்று கேட்டாள் அவர் மனைவி ஷோல்பான்.

"உன் மடியில."

நாலு நாள் அவள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் மலைப்பாதையில் பனி கொட்டி, பெரிய பெரிய வண்டிகளெல்லாம் வழுக்கி ஓரங்கட்டி நிற்க, அவர்களுடைய வண்டி மட்டும் பூனை மாதிரி மேலே ஏறிப் போனது. அப்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்த்துவிட்டால் மனுஷன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

கைரொல்லாவுக்கு வேலை மலையில்தான். பனி உருகித் தேங்கும் ஏரிகளை அளந்து, எது எப்போது உடைத்துக்கொண்டு சேறாக இறங்கும் என்று பார்த்துச் சொல்லும் அலுவலகம். ஆகவே அந்த வண்டி தேவைதான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஊர் நம்பியது. ஷோல்பான் நம்பவில்லை.

இந்த ரக வண்டிக்காரர்களுக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. வண்டியோடு வாழ்ந்த கதையை அவரவர் அங்கே எழுதுவார்கள். அதற்கு நாலு கட்டம்: நிறைகள், குறைகள், பழுதுகள், மறுபடியும் வாங்குவீர்களா. கரகந்தாவில் ஒரு சுரங்கத் தொழிலாளி எழுதியிருந்தார்: "குறை: மாமியார் இதில் ஏறவே மாட்டேன் என்கிறார். நிறை: மேற்படி." செமெய் ஊரில் ஒரு வாத்தியார், நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்துத் தன் இடது தொடை மட்டும் தடித்துப்போய்விட்டதாகவும், அளவெடுக்கும்போது தையல்காரர் சிரிப்பதாகவும் புலம்பியிருந்தார். ஆனால் அந்தப் பக்கத்தில் ராஜா கைரொல்லாதான். வருடத்துக்கு ஒருமுறை எழுதுவார். மலை, பனி, இரண்டாம் கியரில் ஒரு வளைவு எப்படி இருக்கும் என்று பக்கம் பக்கமாக நிறைகள் ஓடும். குறைகள் கட்டத்தில் ஒன்பது வருடமும் ஒரே சொல்: "இல்லை."

செப்டம்பரில் அலுவலகப் படிக்கட்டில் அவர் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக்கட்டி. உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் தப்பியது. இடது கையும் இடது காலும் மட்டும் அவர் சொல்வதைக் கேட்கவில்லை.

ஷோல்பான் பாலிகிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நர்ஸ். முப்பது வருட அனுபவம். முதல் ஆறு மாதத்தில் விடாமல் பயிற்சி செய்தால் கால் பெருமளவு திரும்பும், விட்டால் போனதுதான் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சி நிலையமோ நகரத்தின் மறுகோடியில். டாக்ஸிக்காரர்கள் கீழே நின்று ஹார்ன் அடிப்பார்கள். இவர் இரண்டு மாடி இறங்குவதற்குள் ஒருவன் கிளம்பியே போய்விட்டான். இன்னொருவன், "இவரை யாரும்மா தூக்கி வைக்கிறது?" என்று அவர் காதுபடக் கேட்டான். அதோடு கைரொல்லா வரமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எட்டுப் பயிற்சியில் ஐந்து போயே போய்விட்டது.

வண்டியைத் தானே ஓட்டலாம் என்று ஷோல்பான் ஒருநாள் முயன்றும் பார்த்தாள். லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் லாரியை ஓட்டியிருக்கிறாள். ஆனால் லாரியில் கியர் வலது கைக்கு. இங்கே இடது கை. கால் இரண்டும் ஞாபகம் வைத்திருந்தன, இடது கைதான் திக்குத் தெரியாமல் திண்டாடியது. முதல் கியருக்குப் பதில் மூன்றாவதில் விழுந்தது, வண்டி துள்ளி நின்றது. நாலு தடவை. முற்றத்து பெஞ்சில் இருந்த பெண்கள் சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இறங்கி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மானம் போய் வீட்டுக்கு வந்தாள்.

பிறகுதான் முடிவு செய்தாள். இதை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று வாங்குவது, அதில் அவரைத் தானே கூட்டிப்போவது. சொன்னபோது அவர் கத்துவார் என்று தயாராக இருந்தாள். அவர் கத்தவில்லை.

"வித்துடு" என்றார்.

அந்த ஒரு சொல்தான் அவளைப் பயமுறுத்தியது. முப்பது வருடத்தில் அவள் சொன்ன எதற்கும் அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டியதே கிடையாது.

அந்த இணையப் பக்கத்திலேயே விளம்பரம் போட்டது நண்பன் கெனெஸ். அந்த வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து வைத்தியம் பார்த்த மெக்கானிக், அவரைவிடப் பத்து வயது இளையவன். வருகிறேன் என்று சொன்ன முதல் ஆள் வரவில்லை. இரண்டாவது ஆளும் வரவில்லை. மூன்றாவது ஆள் பாதி வழியில் திரும்பிப் போனான். ஒரு வெள்ளிக்கிழமை கெனெஸ் நேரே பாலிகிளினிக்குக்கே வந்துவிட்டான்.

"அண்ணி, எவனோ நம்ம வண்டி மேல மண்ண வாரிப் போட்டுட்டு இருக்கான். வர்றவன் எல்லாம் இதப் படிச்சிட்டுத்தான் ஓடறான். பேரப் பாருங்க, மலையடிவாரத்தானாம். ஆள் மட்டும் கையில கெடச்சான்னு வைங்க, ஸ்பேனராலயே நாலு போடுவேன்."

அவன் நீட்டிய போனை வாங்கிப் படித்தாள்.

"நிறைகள்: ஞாபகமில்லை. குறைகள்: கிளட்ச் கனம். இடது காலில் உயிர் இருந்தால்தான் மிதிக்க முடியும். வண்டி தாழ்வு, உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். சீட் கல். தூரப் பயணத்தில் பக்கத்தில் இருப்பவளுக்கு இடுப்பு வலிக்கும், கேட்டால் இல்லை என்பாள். ஃப்ளாஸ்க் வைக்க இடம் கிடையாது, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வர வேண்டும். கெகென் கணவாயில் ஒரு வளைவை வேகமாகத் திருப்பியதில் டீ கொட்டி அவள் முழங்காலில் தழும்பு விழுந்தது. அது வண்டியின் குறை இல்லை, ஓட்டியவன் குறை. ஆனால் இந்த வண்டி ஆளை அப்படித்தான் ஓட்டவைக்கும். பழுதுகள்: வண்டியில் ஒன்றுமில்லை. மறுபடியும் வாங்குவீர்களா: போன தடவை அவளைக் கேட்காமல் வாங்கினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். இந்தத் தடவை கேட்கலாம் என்றிருந்தேன்."

ஷோல்பான் இரண்டாம் தடவை படித்தாள். வெள்ளைக் கோட்டுக்கு மேலாகவே கை முழங்காலைத் தடவிப் பார்த்தது. அந்தத் தழும்பைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துபோனார் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

"ஆள் யாருன்னு தெரியுதா அண்ணி?"

"தெரியுது. ஸ்பேனர உள்ள வை" என்றாள். கெனெஸ் அவள் முகத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் வழக்கம்போல வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். பத்து நாளாக அவர் விடாமல் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, சதுரங்கம் ஆடுகிறார், பரவாயில்லை, மனசு தேறிவருகிறது என்று சந்தோஷப்பட்டதெல்லாம் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"மலையடிவாரத்தான் யாருங்க?"

"எனக்கென்ன தெரியும்."

"அவன் பொண்டாட்டிக்கு முழங்கால்ல தழும்பாம்."

"ஊர்ல எத்தன பேருக்கோ தழும்பு இருக்கும்."

"எத்தன பேரு புருஷன் கெகென் கணவாயில டீயக் கொட்டினான்?"

கைரொல்லா போனைக் கவிழ்த்து வைத்தார். திருடிய பூனைக்குக்கூட முகத்தில் கொஞ்சம் தைரியம் இருக்கும்.

"விக்க இஷ்டம் இல்லன்னா வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்றாள் அவள். "எதுக்குத் தலையாட்டினீங்க?"

"சொல்லி? நீயும் ஓட்ட முடியாது, நானும் ஓட்ட முடியாது. கீழ நின்னு துருப்பிடிக்கட்டும்னு சொல்லவா?" சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அது அங்க நிக்கிற வரைக்கும், என்னைக்காவது ஒருநாள்னு இருக்கும். அதுவும் போயிட்டா இந்தக் காலுக்கு எதுக்குடி பயிற்சி? சமையக்கட்டு வரைக்கும் போய் வரவா?"

விற்றால் இவர் மனசு விட்டுவிடுவார், விற்காவிட்டால் பயிற்சிக்குப் போக வழியில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கால்தான் பலி. ஷோல்பான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று அவள் நினைத்தாள். கேட்டது.

"ஷோல்பான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வித்துடு. நான் இனிமே எழுதல. சத்தியமா."

மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தால்திகோர்கானிலிருந்து ஒரு ஆள் வந்தான். யெர்மெக் என்று பெயர், மாட்டு வைத்தியன், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கெனெஸோடு போய் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தவன், டீக் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் கைரொல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க ஒன்பது வருஷக் கருத்தும் படிச்சிருக்கேன். பத்தாவதும் படிச்சேன்."

"பத்தாவது நான் எழுதல" என்றார் கைரொல்லா.

"சரிண்ணே. எழுதின ஆள் யாரோ. அதப் படிச்சப்புறம்தான் வாங்கணும்னே தோணுச்சு. ஒரு வண்டிய இவ்வளவு ஆசையாத் திட்டி நான் பாத்ததே இல்ல."

கைரொல்லா இருமினார். ஷோல்பான் அவசரமாக இன்னொரு கிண்ணம் டீ ஊற்றினாள்.

தங்கை வீட்டுக்குப் போவதாகவும், போனில் மனைவியைக் கேட்டுவிட்டு நாலு மணிக்குச் சொல்வதாகவும் யெர்மெக் கிளம்பினான். கதவு சாத்தியதும் கைரொல்லா சொன்னார்: "பொண்டாட்டியக் கேக்கறானாம். என்னைவிட புத்திசாலி. பாரு, எடுத்துக்குவான். அவன் கண்ணே சொல்லுது." பிறகு, "என்னைக் கீழ கூட்டிட்டுப் போ" என்றார்.

"இப்பவா? எதுக்கு?"

"கயிறு எடுக்கணும்."

அவளுக்குப் புரிந்தது. குதிரையை விற்கிறவன் தலைக்கயிற்றைக் கூடவே கொடுக்கமாட்டான். அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டால்தான் வீட்டு அதிர்ஷ்டம் குதிரையோடு போகாது. வண்டிக்குத் தலைக்கயிறு எங்கே இருக்கிறது? கைரொல்லாவைக் கேட்டால் கியர் கம்பியின் உச்சியில் இருக்கிற குமிழ்தான். ஒன்பது வருடம் அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு அதில் எண்களே அழிந்துபோயிருந்தன.

படியிறங்கவே கால் மணி நேரம் ஆனது. அவருடைய இடது அக்குளில் அவள் தோள், வலது கையில் கைப்பிடிக் கம்பி. இரண்டாம் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். டாக்ஸிக்குப் போகும்போது ஏழாம் படியிலேயே முனகுகிற ஆள், இன்று முனகவில்லை.

வெளியே நவம்பர்க் குளிர் மூக்கைக் கிள்ளியது. வண்டியின் இடப்பக்கச் சீட்டில், அதாவது ஒன்பது வருடம் ஷோல்பான் ஃப்ளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த சீட்டில், அவரை மெல்ல இறக்கினாள். அவர் அங்கிருந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்கேர்ந்து பாத்தா வேற வண்டி மாதிரி இருக்கு" என்றார். "சீட் நிஜமாவே கல்லுதான்டி."

குமிழைத் திருகப் பார்த்தார். அசையவில்லை. கீழே ஒரு பூட்டு நட்டு இருக்கிறது, அதை ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றொரு கை திருக வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரு கை. இரண்டு மூன்று தடவை திருகினார், உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் சுற்றி வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"இருங்க, கை வெறைச்சுப் போயிருக்கு. முதல்ல ஹீட்டர் போடறேன்."

கிளட்சை மிதித்துச் சாவியைத் திருகினாள். குளிரில் உறைந்து இறுகிவிடும் என்று அங்கே கைப்பிரேக் போடமாட்டார்கள், கியரிலேயே விட்டுவிடுவார்கள். எஞ்சின் பிடித்த அதே நொடியில் கைரொல்லாவின் கை, யாரும் சொல்லாமலே, கியரை எடுத்து நடுவில் விட்டது. அவள் காலை எடுத்தாள். வண்டி அமைதியாக உறுமிக்கொண்டு நின்றது.

ஷோல்பான் அந்தக் கையையே பார்த்தாள். குமிழின் மேல் தொப்பியைப் போல உட்கார்ந்திருந்தது. அவருடைய நல்ல கை. இதே வண்டிக்கு மற்ற வண்டிகளைப் போல ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்திருந்தால், பக்கத்துச் சீட்டில் கியருக்கு அருகே வருவது அவருடைய செத்த கையாக இருந்திருக்கும். அவளுடைய உதவாத இடது கையோ அவள் மடியில் சும்மா கிடந்தது.

அவள் மறுபடி கிளட்சை மிதித்தாள். முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"என்னடி பண்ற?"

"மிதிச்சிருக்கேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

"ரொம்ப நேரம் மிதிக்க முடியாதுங்க. கனம். படிக்கலையா நீங்க, குறைகள்ல எழுதியிருக்கே?"

கைரொல்லா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் கோபம் இருந்தது, கேலி செய்கிறாளோ என்று. அப்புறம் அது மாறியது. கை மேலேயும் இடமுமாக ஒரு சின்ன அசைவு அசைந்தது. முதல் கியர். அவள் காலைப் பூப்போல எடுத்தாள், மற்ற காலை அழுத்தினாள், வண்டி நகர்ந்தது.

முற்றத்தை ஒரு சுற்று முதல் கியரிலேயே வந்தார்கள். பெஞ்சுப் பெண்கள் விதையை வாயில் போட மறந்தார்கள். வாசலைத் தாண்டி மலைப்பக்கம் ஏறும் ஆளில்லாத சந்தில் திருப்பினாள்.

"மிதி. இப்ப. ம், விடு." இரண்டாவது. "இன்னும் கொஞ்சம் ஓடவிடு, சத்தம் கேளு, அது கேக்கும்போதுதான் குடுக்கணும். ம், மிதி." மூன்றாவது.

மேட்டில் திரும்ப இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. அவள் அவசரப்பட்டுக் காலை முன்னாலேயே எடுத்துவிட்டாள். கியர்ப் பல்லோடு பல் உரசி கர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

"அடிப் பாவி! கொன்னுட்டியேடி அத! மிதின்னா முழுசா மிதி, பாதி மிதிக்கிறதுக்கு இது உன் தையல் மிஷினா? கண்ணு எங்க இருக்கு, கால் எங்க இருக்கு? லாரி ஓட்டினாளாம் லாரி! உங்கப்பா எப்படித்தான் சகிச்சாரோ!"

செப்டம்பருக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. சந்து முழுக்கக் கேட்டிருக்கும். ஷோல்பானுக்குக் கண்ணில் நீர் முட்டி வழி மங்கியது. ஓரமாக மெதுவாகப் போய் நிறுத்தினாள்.

"என்னடி, அழறியா? சும்மா சொன்னேன்..."

"இல்லங்க. நல்லாத் திட்டினீங்க. எனக்கு அது எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா?" புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்குப் பயிற்சி. ஊர் அந்தக் கோடி. வழி முழுக்கத் திட்டிக்கிட்டே வரணும். முடியுமா?"

கைரொல்லா செயலற்ற இடது காலை, முழங்காலைப் பிடித்து, ஒரு அங்குலம் முன்னே நகர்த்தி வைத்தார். அதை எதற்கு நகர்த்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு கையைக் குமிழின் மேல் கொண்டுவந்தார்.

"ஒன்பதுக்குன்னா எட்டுக்கே கிளம்பணும். நெரிசலாயிருக்கும். மிதி."

வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. மணி சரியாக நாலு. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. யெர்மெக்காகத்தான் இருக்கும்.

"எடுங்க" என்றாள் ஷோல்பான்.

"நீயே அப்புறம் கூப்பிட்டுச் சொல்லிக்கோ" என்றார் கைரொல்லா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குக் கை வேலையா இருக்கு."